லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?

ராஜபாளையம் தென்காசி சாலையில் ஒரு புதுக் காரை ஓரங்கட்டிவிட்டு டீக்கடைப் பக்கம் ஒதுங்கினால், டீ ஆறுவதற்குள் ஒருவர் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். பானெட்டில் பூசிய சந்தனம் இன்னும் காய்ந்திருக்காது. நிறத்தையோ, உள்ளே மினுங்கும் தொடுதிரையையோ, காற்றுப்பை எத்தனை என்பதையோ அவர் கேட்க மாட்டார். "லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது அண்ணாச்சி?" என்பார். பதில் பதினைந்துக்குக் கீழே போனால் அவர் முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவரின் களை தெரியும்.

2010-இல் மாருதி சுசுகி இந்தக் கேள்வியையே விளம்பரமாக்கியது. ஒரு பெரும் பணக்காரருக்கு ஆடம்பரப் படகு ஒன்றைச் சுற்றிக் காட்டுகிறார்கள். வெள்ளை மெத்தை, பளிங்குத் தரை, அரண்மனைபோல ஒரு கூடம். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்து முடித்த அந்த மனிதர் கடைசியில் இந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: எவ்வளவு கொடுக்கும்? விண்கலத்தைக் காட்டினாலும் நம் ஆட்கள் இதைத்தான் கேட்பார்கள் என்று அதே வரிசையில் இன்னொரு படமும் வந்தது. மைலேஜே மூச்சாக இருக்கும் நாட்டுக்கு அதிக மைலேஜ் தரும் கார்களைச் செய்வது நாங்கள்தான் என்று நிறுவனம் முடித்துக்கொண்டது. விளம்பரத்தின் பெரும்பகுதி படகுக்கே போய்விடுகிறது. ஆனாலும் விற்றது கார்.

இது எப்படி நடக்கிறது என்பது யோசிக்க யோசிக்க வியப்பாகத்தான் இருக்கிறது. ஐந்து ரூபாய் மிட்டாயைச் சிரிக்க வைத்து விற்பதில் ஆச்சரியமில்லை. பிடிக்காவிட்டால் துப்பிவிடலாம். கார் அப்படியா? ஒரு நடுத்தரக் குடும்பம் வீட்டுக்கு அடுத்தபடியாகச் செய்யும் மிகப் பெரிய செலவு, ஐந்தாறு ஆண்டுத் தவணை. அந்த முடிவில் நகைச்சுவைக்கு என்ன வேலை?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிரிக்க வைத்துக் கார் விற்க வேண்டிய தேவை நம் நாட்டில் வெகுகாலம் யாருக்கும் இருந்ததில்லை. அம்பாசடரும் பத்மினியும் கோலோச்சிய காலத்தில் முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். வரிசையில் நிற்பவனை எதற்குச் சிரிக்க வைக்க வேண்டும்? 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதும் வரிசை நீண்டதே தவிரக் குறையவில்லை. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985-இல் இறக்கிய ஸ்டாண்டர்டு 2000 பார்க்க ராஜ கம்பீரமாக இருந்தது. பெட்ரோலைக் குடித்த வேகத்தில் சில ஆண்டுகளிலேயே காணாமல் போனது. அன்றைக்கும் டீக்கடைப் பக்கத்துக் கேள்வி இதேதான் என்பதற்கு அந்த வண்டி சாட்சி. 1993-இல் கார் தயாரிப்புக்கான உரிமக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. வெளிநாட்டு நிறுவனங்கள் வரிசையாக வந்தன. வாங்குபவனுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்த பிறகுதான் விற்பவனுக்கு நகைச்சுவை உணர்வே வந்தது.

1998-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி வெளிவந்த ஹூண்டாய் சான்ட்ரோவை எடுத்துக்கொள்ளலாம். நிறுவனத்தின் பெயரை எப்படி உச்சரிப்பது என்றே பலருக்குத் தெரியாது. வண்டியின் உயரமான கூரையைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் நிறைய. நிறுவனத்தார் ஷாருக் கானைப் பிடித்தார்கள். இங்கே ஒரு தந்திரம் இருந்தது. நடிகர் வந்து காரைப் புகழவில்லை. ஒரு கொரிய அதிகாரி அவரிடம் வந்து எங்கள் காருக்கு விளம்பரம் செய்யுங்கள் என்று கேட்கிறார். நீங்கள் யார், உங்கள் காரை நான் ஏன் பரிந்துரைக்க வேண்டும் என்று ஷாருக் குறும்பாகக் குறுக்கு விசாரணை செய்கிறார். வாங்குபவன் மனத்தில் இருந்த சந்தேகத்தை, அவனுக்குப் பிடித்தவரின் வாயாலேயே, சிரிப்போடு கேட்க வைத்துப் பதிலும் சொல்லிவிட்டார்கள். என் சந்தேகத்தை எனக்கு முன்பே ஒருவர் கேட்டுவிட்டால், நான் கேட்பதற்கு என்ன மிச்சம்?

கேட்பவரை வசப்படுத்தும் வழிகள் மூன்று என்று அரிஸ்டாட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே பிரித்துவைத்தார்: பேசுபவர் மீதான நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, பேச்சில் உள்ள காரணம். சான்ட்ரோவுக்கு நம்பிக்கை பஞ்சமாக இருந்தது, அதைக் கடன் வாங்கினார்கள். மாருதிக்கு நம்பிக்கை ஏற்கெனவே இருந்தது. அதனால் மைலேஜ் என்ற காரணத்தை உணர்ச்சியில் பொதிந்து கொடுத்தார்கள். நம்மை நாமே கேலி செய்துகொள்ளும்போது ஒரு சொந்தம் பிறக்கிறதே, அந்த உணர்ச்சி. பணக்காரரும் நம்மைப்போலத்தான் என்பதில் ஒரு சின்னத் திருப்தியும் உண்டு.

இனி மூளைக்குள் போகலாம். ஜெரி சல்ஸ் என்ற உளவியலாளர் 1972-இல் நகைச்சுவையை இரண்டு படிகளாக விளக்கினார். முதலில் ஓர் எதிர்பார்ப்பு கட்டப்பட்டு உடைகிறது. பிறகு, உடைந்ததற்குள் ஒரு பொருத்தம் இருப்பதை மனம் கண்டுபிடிக்கிறது. படகின் ஆடம்பரத்தைப் பார்க்கும் நாம் விலையையோ வேகத்தையோ பற்றிய கேள்வியை எதிர்பார்க்கிறோம். மைலேஜ் கேள்வி வந்ததும் ஒரு கணம் தடுமாறி, அட, நம்ம ஆளு என்று பொருத்திக்கொள்கிறோம். அந்தப் பொருத்தம்தான் இன்பம். 2003-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேலிச் சித்திரங்களைக் காட்டியபடியே மூளையைப் படம் பிடித்தபோது, சாப்பாடும் பணமும் கிடைக்கும்போது விழித்துக்கொள்ளும் அதே பரிசு மையங்கள் சிரிப்புக்கும் விழித்துக்கொள்வதைக் கண்டார்கள்.

ஆனால் இன்பம் கிடைத்தால் மட்டும் யாரும் கார் வாங்கிவிடுவதில்லை. சிரிப்பு செய்யும் இன்னொரு வேலைதான் முக்கியம். 1964-இல் வெளியான ஒரு சோதனை அதை அழகாகக் காட்டியது. அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர்களுக்கென்று சில சங்கங்கள் உண்டு. உறுப்பினர்களுக்கு அவற்றின் மீது உயிர். லியான் ஃபெஸ்டிங்கர், நேதன் மக்கோபி என்ற இருவரும் அந்த உறுப்பினர்களை உட்காரவைத்து, அவர்களுடைய சங்கத்தைத் தாக்கும் பேச்சு ஒன்றைக் கேட்க வைத்தார்கள். ஒரு குழுவுக்குத் திரையில் பேச்சாளரே தெரிந்தார். இன்னொரு குழுவுக்கு அதே பேச்சு ஒலிக்கத் திரையில் ஓடியது ஒரு வேடிக்கைப் படம்: நவீன ஓவியர் ஒருவர் பலகையில் சாயத்தைக் கண்டபடி கொட்டித் தீர்க்கும் கூத்து. பேச்சாளரைப் பார்த்தவர்கள் அசையவில்லை. கேட்கக் கேட்க மனத்துக்குள்ளேயே பதிலடி கொடுத்துக்கொண்டிருந்திருப்பார்கள். ஓவியரின் கூத்தைப் பார்த்தவர்களோ தங்கள் சங்கத்துக்கு எதிரான பேச்சுக்குக் கூடுதலாக இணங்கிப்போனார்கள். எதிர்வாதம் செய்ய வேண்டிய மனம் வேடிக்கை பார்க்கப் போய்விட்டது. காது வழியே பேச்சு உள்ளே போய்விட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைக்காரர் விலை சொல்வதற்கு முன்பு ஒரு விள்ளலைக் கையில் வைப்பார். நாக்கில் கரையும் அந்த நேரத்தில் யாருக்கும் பேரம் பேச வராது. காரை விள்ளிக் கொடுக்க முடியாது என்பதால் அந்த இடத்தில் சிரிப்பை வைக்கிறார்கள். நெதர்லாந்தில் மடெலெய்ன் ஸ்ட்ரிக் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. விளம்பரத்தை எதிர்க்கும் மனநிலையில் இருப்பவரிடம்கூட, நகைச்சுவை கெட்ட எண்ணம் உருவாகவிடாமல் கவனத்தைத் திருப்புகிறது. கூடவே பொருளின் மீது நல்லெண்ணத்தையும் ஒட்டவைக்கிறது.

இத்தோடு நிறுத்தினால் விளம்பரக்காரர்கள் எல்லாம் மந்திரவாதிகள் என்று ஆகிவிடும். அப்படியில்லை. 1976-இல் ரிச்சர்ட் பெட்டியும் அவருடைய சக ஆய்வாளர்களும் கல்லூரிக் கட்டணம் பற்றிய வாதங்களை மாணவர்களுக்குக் கேட்கக் கொடுத்தார்கள். கேட்டுக்கொண்டே திரையில் தோன்றும் குறிகளைக் கணக்கெடுக்கச் சொல்லிக் கவனத்தைக் கலைத்தார்கள். வாதம் சொத்தையாக இருந்தபோது கவனச் சிதறல் அதற்கு உதவியது; ஓட்டையை யாரும் பார்க்கவில்லை. வாதம் வலுவாக இருந்தபோது அதே சிதறல் கெடுத்தது. நல்ல சரக்கு நல்ல சரக்கு என்றே தெரியாமல் போயிற்று. என்னைக் கேட்டால், வேடிக்கை விளம்பரத்தைப் பற்றி இதுவரை வந்த ஆய்வுகளில் வாங்குபவன் நினைவில் வைக்க வேண்டியது இந்த ஒன்றுதான். சொல்ல விஷயம் இல்லாதவனுக்குச் சம்பந்தமில்லாத சிரிப்பு லாபம். நல்ல வண்டி செய்பவனுக்கு அது நஷ்டம்.

அப்படியானால் நல்ல வண்டி செய்பவன் சிரிக்க வைக்கவே கூடாதா? கூடும். சிரிப்புக்குள்ளேயே வாதம் இருந்தால் போதும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்காக நியூயார்க்கின் டாயில் டேன் பெர்ன்பாக் நிறுவனம் 1960-களில் எடுத்த படம் ஒன்றில் விடியற்காலை, எங்கும் பனி. ஒரு சின்னக் கார் திணறாமல் பனிக்குள் போகிறது. சாலையில் பனியை ஒதுக்கும் வண்டியின் ஓட்டுநர் அந்த வண்டி நிற்கும் கொட்டகைக்கு எதில் போவார் என்று என்றாவது யோசித்தீர்களா என்று ஒரு குரல் கேட்கிறது. அவ்வளவுதான். கேள்வியே வேடிக்கை, வேடிக்கையே நிரூபணம். ராஜபாளையத்துக்கு இதைத் தழுவுவதானால், விடிகாலை முதல் பஸ்ஸை எடுக்கும் டிரைவர் டெப்போவுக்கு எதில் வருவார் என்று ஆரம்பிக்கலாம். பதில் அநேகமாக டி.வி.எஸ். எக்ஸெல் என்றுதான் வரும், கார்க்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

பெட்ரோலுக்கு இதே உத்தியை மாருதி 2000-களின் தொடக்கத்தில் கையாண்டது. சர்தார்ஜி வீட்டுப் பையன் ஒருவன் பொம்மைக் காரைச் சுவர், மேசை, அப்பாவின் உடம்பு என்று எங்கும் ஓட்டிக்கொண்டே இருக்கிறான். நிறுத்தேன்டா என்று அப்பா அலுத்துக்கொள்ள, என்ன செய்ய, பெட்ரோல் தீரவே மாட்டேங்குதே என்கிறான். இந்த விளம்பரத்தை மறக்காதவர்கள் அது எதைப் பற்றியது என்பதையும் மறப்பதில்லை. மறந்தால் நகைச்சுவையே மறந்துவிடும்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையைத்தான் முதலில் வைக்கிறது. அது பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: பிறரை எள்ளுதல், குழந்தைத்தனம், அறியாமை, பிடித்ததை விடாத மடமை. இந்த நான்குக்கு வெளியே ஒரு கார் விளம்பரத்தைக் கண்டுபிடிக்க முயன்று பாருங்கள், கடினம். சர்தார்ஜி வீட்டுப் பையன் குழந்தைத்தனம். 2011-இல் உலகமே பார்த்த ஃபோக்ஸ்வாகன் பசாட் படத்தில், ஸ்டார் வார்ஸ் வில்லன் வேடம் போட்ட சிறுவன் கையை நீட்டியதும் கார் உயிர் பெறுகிறது. தன் மந்திர சக்தியால்தான் என்று அவன் அதிர்ந்து நிற்க, உள்ளேயிருந்து ரிமோட்டை அழுத்தியவர் அப்பா. அது குழந்தைத்தனமும் அறியாமையும் கலந்தது. படகில் நின்று மைலேஜ் கேட்டவர் நான்காவது வகை: பிடித்ததை விடவே மாட்டார்.

எள்ளலைக் கையாள்வதுதான் ஆபத்து. யாரை எள்ளுகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. 1986-இல் இசுசு நிறுவனம் அமெரிக்காவில் தன் விற்பனையாளரையே பொய்யனாகக் காட்டியது. ஜோ இசுசு என்ற அந்தப் பாத்திரம் இளித்துக்கொண்டே மைலேஜை வானத்துக்கும் பூமிக்குமாக அளப்பார். இவர் பொய் சொல்கிறார் என்று கீழே எழுத்தில் ஓடும், கூடவே சரியான எண்ணும் வரும். இது வெறும் குறும்பில்லை. வேடிக்கை விளம்பரங்கள் பற்றிய பல ஆய்வுகளை மார்ட்டின் ஐசெண்ட் 2009-இல் ஒன்றுதிரட்டி அலசியபோது, நகைச்சுவை கவனத்தையும் விருப்பத்தையும் கூட்டுகிறது, ஆனால் சொல்பவர் மீதான நம்பகத்தைக் குறைக்கிறது என்று தெரிந்தது. சிரிக்க வைப்பவனை நம்பிக் கடன் கொடுக்க நாமும் யோசிப்போம் இல்லையா? இசுசு அந்த அவநம்பிக்கையை முழுக்க ஜோவின் தலையில் கட்டிவிட்டு, நம்பிக்கையைக் கீழே ஓடிய எழுத்துக்கு ஒதுக்கிவைத்தது.

நானோவின் கதை இதற்கு நேர்மாறு. மழையில் நான்கு பேர் ஒரே ஸ்கூட்டரில் போவதைப் பார்த்து ரத்தன் டாடாவுக்குத் தோன்றிய யோசனை அது. 2008 ஜனவரியில் அறிமுகமானபோது ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று உலகமே பேசியது. உலகிலேயே மலிவான கார் என்ற பட்டத்தை ஊரும் ஒட்டியது, விற்கும்போது நிறுவனமும் ஒட்டியது. அப்புறம் ஊரே கேலியும் செய்தது. அந்தக் கேலியில் எள்ளப்பட்டது வாங்கியவன். மலிவு என்ற அடையாளம் தவறாகிப்போனதை ரத்தன் டாடாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 2018-ஓடு அதன் உற்பத்தி ஏறத்தாழ நின்றுபோனது. மைலேஜ் கேட்பவனைப் பார்த்துச் சிரித்தால் அவன் கெட்டிக்காரன். அவனும் கூடச் சிரிப்பான். விலை பார்ப்பவனைப் பார்த்துச் சிரித்தால் அவன் ஏழை. தெருவில் யாரும் அந்தச் சிரிப்பை ஓட்டிக்கொண்டு போக விரும்புவதில்லை. சிக்கனமும் மலிவும் டீக்கடையில் வேறு வேறு என்பது மில் வேலையிலும் பருத்தி யாவாரத்திலும் வளர்ந்த ராஜபாளையத்துக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதே டாடாவின் ஏஸ் 2005-இல் வந்தது. ஊர் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தது. மாம்பழக் கூடையிலிருந்து பேண்டேஜ் துணி மூட்டைவரை ஏற்றிக்கொண்டு ஓடும் அந்த வண்டியைக் கம்பெனிப் பெயரால் கூப்பிட்டால் இங்கே பலருக்குப் புரியாது. உருவம் சிறிது, பலம் பெரிது என்று இரண்டே சொல்லில் வேடிக்கையும் வாதமும். எந்த விளம்பர நிறுவனமும் இதைவிடச் சிறப்பாக எழுதியிருக்க முடியாது.

பெரிய செலவுப் பொருள்களுக்கு நகைச்சுவை நுழைவுச்சீட்டு மட்டும்தான் என்பதையும் சொல்ல வேண்டும். விளம்பரம் ஒரு பெயரை மனப்பட்டியலில் சேர்க்கிறது. முடிவெடுப்பது மெக்கானிக்கும், ஏற்கெனவே அதே வண்டி வைத்திருக்கும் மச்சானும், வட்டி விகிதமும். வீட்டுப் பெண்கள் பின்னிருக்கையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, குற்றாலத்துக்கு நாலு பேர் போனால் கால் நீட்ட முடியுமா என்று கேட்பார்கள். கடைசியில் வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு வந்து நிற்கும். ஆண்டாள், ரங்கமன்னாரோடு கருடாழ்வாரும் ஒரே கருவறையில் நிற்கும் தலம் இது. வாகனத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த ஊரில் புது வண்டிக்குப் பூஜை போடாமல் யார் ஓட்டுவார்கள்? நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு புறப்படும்போது விளம்பரம் யாருக்கும் நினைவிருக்காது. அதன் வேலை எப்போதோ முடிந்துவிட்டது.

ஆகவே, அடுத்த முறை ஒரு கார் விளம்பரம் சிரிக்க வைத்தால் நன்றாகச் சிரியுங்கள், பிறகு ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது எனக்கு எதை வாக்களித்தது? பதில் உடனே வந்தால் அந்த வாக்கைச் சோதிக்கலாம். வேடிக்கை மட்டும் நினைவில் நின்று வாக்கு நினைவில் இல்லையென்றால், சொல்ல எதுவும் இல்லாமலும் இருந்திருக்கலாம்.

மைலேஜ்தான் வாக்கு என்றால், விளம்பரத்தில் வரும் எண் ஆய்வுக்கூடத்தில் எடுத்தது. வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, வரையறுத்த வேகங்களில், மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாமல் ஓட்டி அளப்பார்கள். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் முதல் கியரில் ஊர்வது அந்த உருளைகளுக்குத் தெரியாது. அதே வண்டி வைத்திருப்பவரிடம் டேங்கை நிரப்பி, டிரிப் மீட்டரைச் சுழியமாக்கி, ராஜபாளையத்திலிருந்து மதுரைக்கு ஒரு நடை போய்வந்து, அதே பங்க்கில் மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உண்மையான மைலேஜ்.

இந்திய விளம்பரத் தர மன்றத்தின் விதிகள், வேடிக்கை என்று பார்த்ததுமே புரிகிற மிகையை அனுமதிக்கின்றன. பையனின் பொம்மைக் காரில் பெட்ரோல் தீராததற்கு யாரும் வழக்குப் போட முடியாது. ஆனால் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று எண் போட்டுவிட்டால் அது வேடிக்கைக் கணக்கில் சேராது. நிறுவனம் அதை நிரூபித்தாக வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்ச ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். புகார் சொல்ல நினைப்பவர்களுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.